200 டாலர் சண்டை

நடுவர் அவர்களே, கோத்தகிரிக் குளிரிலும் எழுந்து போகாமல் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். வாக்காளர் மனத்தைக் கெடுப்பது அயலாரின் பொய்யா, நம் மனத்தில் கிடக்கும் மதவெறுப்பா? வெறுப்புத்தான் என்று வழக்காட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், "மக்கள் அப்பாவிகள், கடல் கடந்து வந்த சூழ்ச்சிக்கு இரையானவர்கள்" என்று உருகினார். அவர் தொட்ட 2016 அமெரிக்க அதிபர் தேர்தலையே நானும் எடுத்துக்கொள்கிறேன்.

2016 மே 21. டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் ஓர் இஸ்லாமிய மையம். டெக்சாஸ் இஸ்லாம்மயமாவதைத் தடுக்க வாருங்கள் என்று ஒரு ஃபேஸ்புக் பக்கம் ஆள் திரட்டியது. அதே நாள், அதே நேரம், அதே வாசலுக்கு, இஸ்லாமிய அறிவைக் காக்க வாருங்கள் என்று இன்னொரு பக்கம் அழைத்தது. இரண்டு பக்கங்களையும் நடத்தியது ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த ஒரே நிறுவனம்! உளவுத்துறையைக் கண்காணிக்கும் அமெரிக்க செனட் குழு 2017 நவம்பரில் இதை வெளியே கொண்டுவந்தது. அந்த நிகழ்ச்சிக்கு ரஷ்யர்களுக்கு ஆன செலவு சுமார் 200 டாலர் என்றார் குழுத் தலைவர் ரிச்சர்ட் பர்.

200 டாலர், ஐயா! அன்றைய மதிப்பில் பதின்மூன்றாயிரம் ரூபாய்ச் சொச்சம். இந்த மேடைக்கும் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்குமே அது போதாது. அந்தக் காசில் ஒரு தெருவின் இரு பக்கமும் மனிதர்களை நிறுத்திக் கத்தவைக்க முடிந்ததென்றால், மிச்சச் செலவை முன்பே செய்துவைத்தவர் யார்? கூப்பிட்டவன் அங்கே வரவே இல்லை. சொந்த பெட்ரோல் போட்டு வந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள்.

முதுமலைக்குப் போகிறவர்கள் உண்ணிச்செடியைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்கக் கண்டத்துச் செடிதான். ஆனால் மரம் போய் வெயில் விழுகிற இடத்தில்தான் அது மண்டுகிறது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சென்ற தேர்தலுக்கு முன் எங்கள் ஊர் தேயிலைக் கொட்டகையில் பறித்த இலையை எடைபோட வரிசையில் நின்றோம். ஒருவர் கைப்பேசியில் ஒரு குரல்பதிவு: இன்ன வேட்பாளர் வென்றால் உங்கள் கோயில் நிலமெல்லாம் முஸ்லிம்களுக்குப் போய்விடும். யார் குரல், எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கும் அனுப்புங்கள் என்றேன். அதைப் பேசியவன் அயலானா, அடுத்த ஊர்க்காரனா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் கேட்டதும் "அப்படித்தான் இருக்கும்" என்று சொன்னது என் மனம். அதை எந்த ரஷ்யனும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

பின்னால் நின்ற அக்கா ஒருவர் இலை மூட்டையை இறக்கிவைத்தார். "நம் மாரியம்மன் கோயிலுக்கு நிலம் எங்கே இருக்கிறது தம்பி?" என்றார்.

ஒரு சென்ட்கூடக் கிடையாது. கோயில் நிற்பதே எஸ்டேட் இடத்தில். பிறந்தது முதல் அந்த ஊரில் இருப்பவன் நான்.

பதிவை அங்கேயே அழித்தேன். அதற்குள் இரண்டு பேருக்கு அனுப்பிவிட்டிருந்தேன், நடுவர் அவர்களே.