குடிநீரில் கலந்த நஞ்சு: வெளியே கொண்டுவருவது வழக்கே

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

'குடிநீரில் கலக்கும் நச்சு இரசாயனங்களிலிருந்து மக்களைப் பெரிதும் காப்பது அரசின் கண்காணிப்பா, மக்கள் தொடுக்கும் வழக்கா?' என்பது இன்றைய தலைப்பு. வழக்கே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், "தாத்தா மனுப் போட்டால் பேரன்தான் தீர்ப்பு வாங்குவான், அதுவரை ஊர் எந்தத் தண்ணீரைக் குடிக்கும்?" என்று கேட்டுப் பலத்த கைதட்டலைப் பெற்றார். அதற்கு வேலூரைச் சாட்சியாகவும் அழைத்தார். வேலூருக்கு நானும் வருவேன். அதற்கு முன், அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் உள்ள பார்க்கர்ஸ்பர்க் என்ற ஊருக்கு அவரை அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது.

அந்த ஊருக்கு அருகே, ஒஹாயோ ஆற்றங்கரையில் டூபான்ட் நிறுவனம் நடத்திவந்த ஆலை இருக்கிறது. நம் வீட்டில் தோசை ஒட்டாமல் எழும்புகிறதே, அந்தத் தவாவின் மேல் பூசப்படும் டெஃப்லானைத் தயாரிக்க 1951 முதல் அங்கே சி-8 என்ற இரசாயனத்தைப் பயன்படுத்தினார்கள். அது மண்ணில் மக்காது, நீரில் சிதையாது, உடலுக்குள் போனால் ஆண்டுக்கணக்கில் இரத்தத்திலேயே தங்கிவிடும். ஆலைக் கழிவைக் கொட்டிய நிலத்தை ஒட்டி மாடு வளர்த்த விவசாயி ஒருவருக்கு 150-க்கும் மேற்பட்ட மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துப்போயின. ஓடையில் நுரை பொங்கி வருவதையும், இறந்த கன்றை அறுத்தபோது உள்ளுறுப்புகள் நிறம் மாறிக் கிடந்ததையும் அவரே வீடியோ எடுத்து வைத்தார். அரசு அலுவலகங்களை நம்பிப் பயனில்லை என்றான பிறகு, 1998-ஆம் ஆண்டில் அந்தக் கேசட்டுகளை ராபர்ட் பிலாட் என்ற வழக்கறிஞரிடம் சேர்ப்பித்தார். வேடிக்கை என்னவென்றால், பிலாட் அதுவரை இரசாயன நிறுவனங்களின் தரப்பில் நின்றவர். மறு ஆண்டே வழக்குத் தொடுக்கப்பட்டது.

நடுவர் அவர்களே, என் வாதத்தின் உயிர்நாடி இனித்தான் வருகிறது. வழக்கில் ஆவணங்களைத் தர நிறுவனம் மறுத்தது, நீதிமன்றம் கட்டளையிட்டது, 1,10,000 பக்கங்களுக்கு மேல் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. பிலாட் தம் அலுவலக அறையின் தரையில் அமர்ந்து ஆண்டுவாரியாக அவற்றை அடுக்கினார். இந்தப் பொருள் எலிகளின் கல்லீரலைப் பெரிதாக்குகிறது என்று நிறுவனத்தின் ஆய்வாளர்களே 1961-இல் கண்டறிந்திருந்தார்கள். 1984-இல் நிறுவனத்தின் ஆட்கள் சுற்று வட்டார ஊர்க் கடைகளுக்குப் போய், பிளாஸ்டிக் குடுவைகளில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வந்து சோதித்துப் பார்த்திருந்தார்கள். தண்ணீரில் சி-8 இருந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்த ஊருக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லப்படவில்லை.

அப்போது அமெரிக்காவில் சட்டம் இல்லையா? இருந்தது. பாதுகாப்பான குடிநீர்ச் சட்டத்தை அந்நாடு 1974-இல் இயற்றியது. நம் நாட்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டமும் அதே 1974-இல்தான் வந்தது. ஆனால் கண்காணிப்பு என்பது பட்டியலை வைத்துக்கொண்டு நடப்பது. சி-8 அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாத நஞ்சை எந்த அதிகாரியும் அளக்க மாட்டார். அளக்கும்படி அவருக்கு யாரும் சொல்லவும் இல்லை. அந்த நஞ்சைப் பற்றி அறிந்தவன் ஒருவன்தான். அவன் வாய் திறக்க மாட்டான். அப்படிப்பட்டவனின் மேசை அறையைத் திறக்க வைக்கும் சாவி வழக்கைத் தவிர வேறு எதுவாக இருக்க முடியும்?

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2005-இல் 1 கோடியே 65 லட்சம் டாலர் தர இந்த நிறுவனத்தை ஒப்புக்கொள்ள வைத்ததைக் கண்காணிப்பின் வெற்றி என்றார். உண்மை, ஒப்புக்கொள்ள வைத்தது. ஆனால் வழக்கில் கிடைத்த ஆவணங்களைத் திரட்டி, 2001 மார்ச்சில் அந்த முகமைக்கு 972 பக்கக் கடிதம் எழுதியவர் இதே பிலாட். எழுப்பிவிட்டவனை மறந்துவிட்டு, விழித்தவனுக்கு மாலை போடுவது என்ன முறை?

இன்னொன்றையும் கேளுங்கள். 2001-இல் ஊர் மக்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கு 2004-இல் சமரசத்தில் முடிந்தது. ஆறு குடிநீர் விநியோக அமைப்புகளுக்கு வடிகட்டிகள் அமைத்துத் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. கிடைத்த தொகையை ஆளுக்குக் கொஞ்சம் என்று பிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. இரத்தம் கொடுத்து, உடல்நல விவரங்களையும் எழுதித் தருவோருக்கு 400 டாலர் என்று அறிவிக்க, ஏறத்தாழ 69,000 பேர் வரிசையில் நின்று கை நீட்டினார்கள். இரு தரப்பும் ஏற்ற மூன்று அறிஞர்கள் அந்தத் தரவுகளை ஆராய்ந்து, சிறுநீரகப் புற்றுநோய், விரைப் புற்றுநோய், தைராய்டு கோளாறு உட்பட ஆறு நோய்களுக்கும் சி-8-க்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று 2012-க்குள் அறிவித்தார்கள். அதன் பிறகு 3,500-க்கும் மேற்பட்ட தனி வழக்குகளுக்கு 2017-இல் 67 கோடி டாலருக்கு மேல் தர ஒப்பந்தமானது. தவற்றை ஒப்புக்கொள்ளாமலேயே கொடுத்தார்கள் என்பதும் உண்மை. அது எனக்கும் கசக்கிறது. ஆனால் இதே நஞ்சுக்கு, ஒரு லட்சம் கோடியில் 4 பங்கு என்ற வரம்பை அமெரிக்க அரசு குடிநீரில் விதித்தது 2024 ஏப்ரலில்தான். வழக்கு வடிகட்டியைப் பெற்றுத் தந்து இருபது ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்தது எதிரணியின் கண்காணிப்பு. இதில் தாத்தா யார், பேரன் யார்?

இனி வேலூர். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை நெடுகத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு கலந்து கிணறுகள் கெட்டன. வேலூர் மக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. ஆலைகள் நிறைந்த பகுதியில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானதும், திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போனதும் அந்தத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கின்றன. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு இந்த மண்ணின் சட்டம் என்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு அறிவித்தது. ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது.

அந்தத் தீர்ப்புக்கு முன், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலைகளுக்குக் கெடுவை நீட்டித்தது போலவே நீதிமன்றமும் ஐந்தாண்டுகள் கெடுவை நீட்டித்தது என்பதை நான் மறைக்கவில்லை. 2001-இல் ஏறத்தாழ 29,000 பேருக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு கணக்கிடப்பட்டும், பிரச்சினை தீராமல் மறுபடியும் உச்ச நீதிமன்றப் படியேறியது. எதிரணித் தலைவர் கேலி செய்த தாமதம் இதுதான். ஆனால் கணக்கிட்ட இழப்பீட்டை மக்கள் கையில் சேர்க்க வேண்டிய பொறுப்பு எந்தத் தரப்பிடம் இருந்தது என்பதை மட்டும் அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம், பாக்கி இழப்பீட்டை ஆறு வாரங்களுக்குள் மாநில அரசே கொடுத்துவிட்டு, பிறகு ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவிட நேர்ந்ததே, அந்த உத்தரவு எந்தத் தரப்பின் தாமதத்துக்குப் போடப்பட்ட கடிவாளம்?

நடுவர் மணியடிக்கிறார், ஒரே ஒரு வேண்டுகோளுடன் அமர்கிறேன். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர், 1984-இல் கடைகளில் பிடித்த அந்தக் குழாய்த் தண்ணீரைப் பற்றிய தாள்கள் எந்தக் கண்காணிப்பாளரின் கோப்பிலிருந்து வெளிவந்தன என்பதை முதலில் இந்த அவைக்குச் சொல்லிவிட்டுத் தம் உரையைத் தொடங்கட்டும்.