ஏரிக்கரையில் ஒரு வங்கிக்காரர்

நேயர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தின் பழைய மாளிகைகளைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பாதி நாளை வீட்டுக்குள்ளேயே கழித்துவிடுவார்கள். கிளம்புகிற நேரத்தில் தோட்டத்தை அவசரமாக ஒரு சுற்று சுற்றுவார்கள். வில்ட்ஷர் மாவட்டத்தில் உள்ள ஸ்டவர்ஹெட்டில் மட்டும் அப்படிச் செய்துவிடாதீர்கள். அங்கே முதலில் ஏரி, அப்புறம்தான் வீடு.

அந்த ஏரி இயற்கையானது அல்ல. ஸ்டவர் ஆறு ஊற்றெடுக்கும் பள்ளத்தாக்கு அது. 1750-களில் குறுக்கே அணை போட்டு நீரைத் தேக்கினார்கள். கரையில் தெரியும் ரோமானியக் கோயில்களில் எந்தக் காலத்திலும் பூசை நடந்ததில்லை. எல்லாமே காட்சிக்காகக் கட்டியவை. ஆனாலும் போய் நின்றால், ஆதியிலிருந்தே இப்படித்தான் இருந்திருக்கும் என்று கண் நம்பிவிடுகிறது.

இதைச் செய்தவர் பிரபு வம்சத்தவர் அல்ல, ஒரு வங்கிக்காரர். 1672-இல் லண்டனில் தொடங்கிய ஹோர் வங்கி இன்றைக்கும் அதே குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. அந்தக் குடும்பத்தில் வந்த ஹென்றி ஹோர் என்பவர் 1717-இல் இந்த நிலத்தை வாங்கி, பழைய வீட்டை இடித்துவிட்டு, காலன் கேம்பெல் என்ற கட்டடக் கலைஞரை வைத்து இப்போதுள்ள மாளிகையைக் கட்டத் தொடங்கினார். அதே காலத்தில், 1720-இல், தென்கடல் கம்பெனியின் பங்குகள் எகிறி ஏறி அப்படியே சரிந்தன. பல குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. ஹோர் வங்கியோ சரியான நேரத்தில் விற்று நல்ல லாபம் பார்த்தது. அந்தக் கம்பெனி ஆப்பிரிக்க அடிமைகளை விற்ற கம்பெனி. தோட்டத்தின் அழகைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம் என்று நினைக்கிறேன்.

தோட்டம் போட்டது அவருடைய மகன். அவர் பெயரும் ஹென்றிதான். 1740-களில் தொடங்கி ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் இதே வேலையாக இருந்தார். அவருடைய மகன் இளம் வயதில் இத்தாலியில் இறந்துபோனான். அதற்குப் பிறகும் கட்டுவதை அவர் நிறுத்தவில்லை.

அவர் செய்த தந்திரத்தை நடந்துதான் அனுபவிக்க வேண்டும். முதலில் வருவது ரோமானியர்களின் பூ தேவதையான ஃபுளோராவின் சிறு கோயில். அங்கிருந்து பார்த்தால் நீருக்கு அக்கரையில் பேந்தியன், ரோமில் அதே பெயரில் இருக்கும் பழைய கோயிலின் சின்ன வடிவம், பளிச்சென்று தெரியும். இதோ வந்துவிட்டோம் என்று கால் எட்டிப் போடுகிறீர்கள். பாதையோ உங்களை மரங்களுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. பேந்தியனும் தெரியாது, சில இடங்களில் ஏரியும் தெரியாது. அப்படியே போய் ஒரு குகைக்குள் இறங்குகிறீர்கள்.

நான் அதிக நேரம் நின்ற இடம் அந்தக் குகைதான். 1748-இல் கட்டிய செயற்கைக் குகை. வெளிச்சம் மேலே ஒரு துளை வழியாக விழும். ஊற்றுநீர் சலசலத்துக்கொண்டே இருக்கும். அதன் நடுவே ஒரு நீரணங்கு படுத்துத் தூங்குகிறாள். பளிங்குச் சிலை என்று தோன்றும், ஆனால் ஈயத்தில் வார்த்து வெள்ளை பூசியது. ஜான் சீர் என்ற சிற்பியின் பட்டறையில் செய்தார்கள். எதிர்ச் சுவரில், கரடுமுரடான கற்களுக்கு நடுவே ஒரு திறப்பு. அதன் வழியாக எட்டிப் பார்த்தால், கிட்டத்தட்ட நீர்மட்டத்திலேயே ஏரி விரிந்து கிடக்கிறது. சற்றுத் தள்ளி ஆற்றுக்கடவுளின் சிலை. கையை நீட்டி, இனி இந்தப் பக்கம் போ என்று வழி காட்டுகிறார். அவர் சொன்னபடி படியேறினால் பேந்தியன்.

பேந்தியன் வாசலில் நின்று திரும்பிப் பார்க்க வேண்டும். எதிர்க்கரையில் புல் போர்த்திய ஐந்து வளைவுப் பாலம், அதற்குப் பின்னால் ஸ்டவர்டன் கிராமம், பீட்டர் தேவாலயம். அந்தப் பாலத்தைப் பற்றி ஹென்றி 1762-இல் மகளுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. ஆறு கிராமத்தின் வழியாக ஓடி வருவதுபோலவும், இது ஊர்மக்கள் போய்வரும் பாலம்போலவும் தெரியும் என்று அதில் எழுதுகிறார். அப்படி ஒரு ஆறு அங்கே ஓடவில்லை. நிஜக் கிராமத்தையும் நிஜத் தேவாலயத்தையும் தன் ஓவியத்தின் மூலையில் அவர் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

வங்கிக்காரர் வங்கியை நம்பவில்லை என்பது இதில் சுவையான சங்கதி. வங்கி மூழ்கினால் எஸ்டேட்டும் சேர்ந்து போய்விடும் என்று பயந்து, வங்கியில் பங்கு எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் பேரன் ரிச்சர்ட் கோல்ட் ஹோருக்கு இதை எழுதி வைத்தார். பேரனுக்கு நாட்டம் தொல்லியலில். ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டத்துக்கு அருகே புஷ் பேரோ என்ற ஈமமேட்டில் 1808-இல் தங்க அணிகள் கிடைத்தது இவர் செலவில் நடந்த அகழாய்வில்தான். தோட்டத்திலிருந்த துருக்கிக் கூடாரத்தை எடுத்துவிட்டு ரோடோடென்ட்ரான் என்ற பூச்செடியைக் கொண்டுவந்ததும் இவரே. மே மாதத்தில் அந்தப் பூக்களுக்காகக் கூட்டம் அலைமோதும். எனக்கென்னவோ தாத்தாவின் பச்சைக்கு அந்தச் சிவப்பும் ஊதாவும் கொஞ்சம் தூக்கல்.

வீட்டின் நடுப்பகுதி 1902-இல் தீயில் எரிந்து மறுபடி கட்டியது. கோல்ட் ஹோர் சேர்த்த நூலகம் தப்பித்தது. வீட்டுக்குள் ஒரே அறை பார்க்க நேரம் என்றால் அதைப் பாருங்கள். பின்னாளில் வந்த வாரிசுகளின் ஒரே மகன் முதல் உலகப் போரில் காயம்பட்டு 1917-இல் இறந்தான். 1946-இல் அவர்கள் வீட்டையும் தோட்டத்தையும், பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: லண்டன் வாட்டர்லூவில் ரயில் ஏறி, டார்செட்டில் உள்ள கில்லிங்காமில் இறங்கி, அங்கிருந்து டாக்ஸி பிடிக்கலாம். ஏரியை ஃபுளோரா கோயில் பக்கமிருந்தே சுற்றத் தொடங்குங்கள். எதிர்ப்பக்கமாக வந்தால், பாவம் அந்த ஆற்றுக்கடவுள், நீங்கள் வந்த வழிக்கே உங்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருப்பார்.

நன்றி, வணக்கம்.