ஏட்டுச் சுரைக்காயும் எளிய தமிழும்

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, இன்னொரு நிகழ்ச்சியை ஒத்திவைத்துவிட்டு வந்திருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் அம்மா அவர்களே, பள்ளியில் எனக்கு இலக்கணம் கற்பித்து, இன்றும் என் கட்டுரையில் ஒற்றுப்பிழை கண்டால் காலை ஆறு மணிக்கே தொலைபேசியில் கூப்பிடும் புலவர் ஐயா அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, பெற்றோர் சங்கத்தினரே, ஆட்டிசம் உள்ள நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் செயலாளரைக் கேளுங்கள், பட்டியல் அவர் கொடுத்தது. ஒலிபெருக்கிச் சத்தத்தைப் பாதியாகக் குறைத்த மைக் செட் அண்ணனுக்குத் தனி நன்றி. கைதட்டல் சிலருக்குத் தாங்க முடியாது. பிடித்திருந்தால் கையை உயர்த்தி அசையுங்கள், எனக்குத் தெரியும்.

மூன்று செய்திகள் சொல்லப் போகிறேன். ஆட்டிசம் என்றால், பிறரோடு பேசிப் பழகும் விதமும் ஒலி, ஒளியை உணரும் விதமும் பிறவியிலேயே வேறாக இருக்கும் நிலை. ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கு வேலை தருவது பற்றிய அறிக்கையை யார் எழுதுவது, அதை எப்படி வடிவமைப்பது, எழுதியதை யார் நிறைவேற்றுவது. எங்கள் பாட்டி அடிக்கடி சொன்ன பழமொழி ஒன்று உண்டு: ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. இன்றைக்கு அதைப் பலமுறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நிலவரம். பிரிட்டனில் ராபர்ட் பக்லண்ட் என்ற அரசியல்வாதி தலைமையில், ஆட்டிசம் உள்ளவர்களின் வேலைவாய்ப்பு பற்றி ஓர் ஆய்வு நடந்து 2024 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. வேலை செய்யும் வயதில் உள்ள ஆட்டிசம் உள்ளவர்களில் 10 பேருக்குச் சுமார் 3 பேர்தான் வேலையில் இருக்கிறார்கள் என்று அது சொல்கிறது. தெளிவில்லாத வேலை விளம்பரம், எப்படியும் பொருள் கொள்ளக்கூடிய நேர்காணல் கேள்வி, கண் கூசும் விளக்கு, இரைச்சல் என்று தடைகளைச் சொல்லி, 19 பரிந்துரைகள் தந்திருக்கிறார்கள். நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலைகளில் 4 சதவீதம் ஒதுக்குகிறது. அதில் 1 சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் முதலிய பிரிவுகளுக்குச் சேர்த்து. சட்டம் நல்ல சட்டம்தான். அதைப் படித்து, ‘எனக்கு இது உரியது’ என்று புரிந்துகொள்ள வேண்டியவர் கையில் அது எந்த வடிவத்தில் போய்ச் சேர்கிறது? ஏட்டுச் சுரைக்காய்!

இப்போது அச்சகக் கதை. எனக்குத் தெரிந்த அச்சகம் ஒன்றில் ஒரு தம்பி மெய்ப்புப் பார்க்கிறார். ஆட்டிசம் உள்ளவர். பெயர் வேண்டாம் என்றார், அதனால் தம்பி. அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு கால்புள்ளிகூட வெளியே போகாது. முதலாளி முதலில் சேர்த்துக்கொள்ளத் தயங்கினார். இப்போது தம்பி ஒரு நாள் வராவிட்டால் அச்சு இயந்திரத்தையே ஓட்ட மாட்டேன் என்கிறார். ஒரு நாள் அங்கே ஓர் அறிக்கை அச்சுக்கு வந்தது. எந்த அமைப்பு என்று கேட்காதீர்கள். தலைப்பு என்ன தெரியுமா? ஆட்டிசம் உள்ள பெரியவர்களின் வேலைவாய்ப்பு. தம்பி மூன்று நாள் உட்கார்ந்து மெய்ப்புப் பார்த்தார். எழுத்துப்பிழையை எல்லாம் திருத்தினார். அப்புறம் ஓரத்தில் சிவப்பு மையில் கேள்வி எழுத ஆரம்பித்தார்.

‘உரிய காலத்தில் நடவடிக்கை எடுக்கப்படும்.’ ஓரத்தில்: எத்தனை நாள்? ‘சம்பந்தப்பட்டோர் ஆவன செய்வர்.’ ஓரத்தில்: யார்? பேர் போடவும். ‘தேவைக்கேற்ப வசதிகள் செய்து தரப்படலாம்.’ ஓரத்தில்: தருவீர்களா, மாட்டீர்களா? (இங்கே கூட்டம் சிரித்தது. நகர்மன்றத் தலைவரும் சிரித்தார், அது பெருந்தன்மை.) அட்டையில் பலூன் பிடித்த குழந்தை படம். அதற்குக் கீழே தம்பி எழுதியது: ‘எனக்கு வயது 27. நான் எங்கே?’

முதலாளி பயந்துபோய் அந்த மெய்ப்பை அனுப்பவில்லை. சுத்தமான நகல் ஒன்றுதான் போனது. அறிக்கை அச்சாகி, வெளியீட்டு விழா நடந்து, பொன்னாடை போர்த்தி, அதை வாங்கியவர்கள் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டார்கள். அந்த அறிக்கையின் நல்ல பதிப்பு இன்றும் அச்சகத்து மூலையில், சிவப்பு மையோடு கிடக்கிறது. என் முதல் செய்தி இதுதான். யாரைப் பற்றியதோ அவரை முதல் வாசகராக உட்கார வையுங்கள். உட்கார வைத்தால் கூலியும் கொடுங்கள்.

வடிவமைப்புக்கு வருகிறேன். நான் பத்திரிகைப் பக்கம் கட்டிய ஆள், இதில் கொஞ்சம் வாய் நீளும். ஒரு வாக்கியத்துக்கு ஒரு கருத்து. எழுத்து 14 புள்ளிக்குக் குறையக் கூடாது. பளீர் வெள்ளைத் தாள் பலருக்குக் கண்ணை உறுத்தும், கொஞ்சம் மங்கிய வெள்ளை நல்லது. இரு ஓரமும் சமமாக இழுத்துக் கட்டாதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, நடுவே ஓட்டை விழும், கண் வழி தவறும். இடப்பக்கம் மட்டும் நேர்கோடு போதும். படம் போட்டால் பக்கத்தில் உள்ள வாக்கியத்துக்கு உதவ வேண்டும், அழகுக்குப் பலூன் வேண்டாம். முதல் பக்கத்திலேயே, இது எத்தனை பக்கம், உங்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். ‘30 சதவீதம்’ என்பதைவிட ‘10 பேரில் 3 பேர்’ சட்டெனப் பிடிபடும்.

எழுத்துருவைச் சொல்லாமல் விட மாட்டேன், புலவர் ஐயாவுக்குத் தெரியும். இன்னும் வானவில், பாமினி என்ற பழைய எழுத்துருக்களில் அடித்து அனுப்புகிறார்கள். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் என்ற மென்பொருள், அதை ஆங்கில எழுத்துக் குப்பையாக வாசிக்கும். படிப்பதைவிடக் கேட்டால் நன்றாகப் புரிகிறவர்கள் ஆட்டிசம் உள்ளவர்களிலும் உண்டு, அவர்கள் கதவு அங்கேயே சாத்தப்படுகிறது. எந்தக் கணினியிலும் தமிழைத் தமிழாகவே காட்டும் ஒருங்குறி (யூனிகோடு) வந்து எத்தனை காலமாகிறது! வருடிய (ஸ்கேன் செய்த) பக்கத்தைப் படமாகப் போட்டு பிடிஎஃப் என்று அனுப்புவது அதைவிட மோசம்.

இங்கேதான் என் வழக்கமான சண்டைக்கு வருகிறேன். தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டம் 1956-இல் வந்தது. கோப்பு தமிழுக்கு வந்தது உண்மை. கோப்பில் உள்ள தமிழ் மக்களுக்கு வந்ததா? ‘பார்வையில் காணும் கடிதத்தின்பால் தங்கள் மேலான கவனம் ஈர்க்கப்படுகிறது’ என்பதை என் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ‘யாருப்பா செத்துட்டாங்க?’ என்று கேட்டார். ஆட்டிசம் உள்ளவருக்குப் புரியும்படி எழுதிய அறிக்கை என் அம்மாவுக்கும் புரியும், வேலைக்கு ஆள் எடுக்கும் முதலாளிக்கும் புரியும். எளிய தமிழை யாரோ சிலருக்குச் செய்யும் சலுகையாகப் பார்க்காதீர்கள். அது இல்லாத ஒவ்வோர் அறிக்கையும் ஏட்டுச் சுரைக்காய்தான், எத்தனை பொன்னாடை போர்த்தினாலும்.

தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். நிறைவேற்றுவது யார் என்ற மூன்றாவது செய்தியை அலுவலர் அம்மா தம் உரையில் சொல்வார் என்று நம்புகிறேன், அவர் சொன்னால்தான் அதற்கு மதிப்பு.

வாசல் மேசையில் ஒரு மனு வைத்திருக்கிறோம். மாவட்டத்தில் வெளியாகும் ஒவ்வோர் அரசு அறிக்கைக்கும் எளிய தமிழ்ப் பதிப்பு ஒன்று, ஒருங்குறியில், அதே நாளில் வர வேண்டும் என்பது கோரிக்கை. ஒரே பக்கம், பெரிய எழுத்து, மெய்ப்புப் பார்த்தவர் அந்தத் தம்பி. சாப்பிடப் போகும்முன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நகர்மன்றத் தலைவருக்கு முதல் வரியைக் காலியாக விட்டிருக்கிறோம். நன்றி, வணக்கம்.