அறைக் கதவும் ஐந்து வயதுப் பிள்ளையும்

நடுவர் அவர்களே, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இந்தச் சமூக மன்றத்துக்கு வந்திருக்கும் பெற்றோர்களே, எதிரணி நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

‘ஃப்ரோசன் படத்தில் விஞ்சி நிற்பது நிறையா, குறையா?’ என்பது தலைப்பு. பனியை வரவழைக்கும் சக்தியோடு பிறந்த அரசி எல்சா, அவள் தங்கை அன்னா இருவரின் கதையைச் சொல்லும் டிஸ்னி அனிமேஷன் படம் அது. நிறையே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் மூன்று குறை சொன்னார். எல்சா பாடும் ‘லெட் இட் கோ’ பாட்டு, கட்டுப்பாடே வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறதாம். அன்னா நம்பிய இளவரசன் ஹான்ஸ் திடீரென்று வில்லனாகிறானாம். கடைசிப் பகுதியில் பாட்டே இல்லையாம்.

முதல் குற்றச்சாட்டுதான் கனமானது. ஐயா பாட்டைக் கேட்டிருக்கிறார், அது முடியும் இடத்தைக் கவனிக்கவில்லை. பனி மாளிகையின் மாடத்தில் நின்று பாடி முடித்ததும் எல்சா என்ன செய்கிறாள்? திரும்பி நடந்து, கதவை அறைந்து சாத்துகிறாள். சின்ன வயதில் அந்தச் சக்தியை மறைக்க அரண்மனை அறைக்குள் அடைந்து கிடந்தவள், இப்போது தானே கட்டிய அறைக்குள் போய் அடைந்துகொள்கிறாள். அவள் பாடுகிற அதே நேரத்தில் கீழே அவள் ஆளும் அரெண்டெல் அவள் சக்தியாலேயே நடுக்கோடையில் உறைந்து கிடக்கிறது. தங்கை அன்னா மலையேறி வந்து சொல்லும்வரை அது அவளுக்குத் தெரியாது. தெரிந்த பதற்றத்தில் தங்கையின் நெஞ்சிலேயே பனியைப் பாய்ச்சிவிடுகிறாள். கட்டுப்பாடு வேண்டாம் என்று பாடியவளுக்குப் படமே பதில் சொல்லிவிட்டதே, நடுவர் அவர்களே! பாட்டில் வருவது அவள் மனசு. படத்தின் முடிவு வேறு.

இன்னொரு பாட்டையும் பாருங்கள். அன்பு என்பது திறந்த கதவு என்று ஹான்ஸும் அன்னாவும் சேர்ந்து பாடுகிறார்கள். அந்தத் திறந்த கதவு வழியாகத்தான் ஏமாற்றுக்காரன் உள்ளே வருகிறான். மூடிய கதவை விடுதலை என்று நம்புகிறாள் அக்கா. திறந்த கதவையெல்லாம் அன்பு என்று நம்புகிறாள் தங்கை. இரண்டையும் நம் வாயாலேயே பாட வைத்துவிட்டு, பிறகு கதையில் திருத்துகிறார்கள். இப்படிப் பாட்டையும் கதையையும் பின்னுவது லேசான வேலை இல்லை. முதலில் எல்சாவை வில்லியாகத்தான் எழுதியிருந்தார்கள். கிறிஸ்டன் ஆண்டர்சன் லோபெஸ், ராபர்ட் லோபெஸ் தம்பதி ‘லெட் இட் கோ’ பாட்டைப் போட்டுக் கொடுத்த பிறகு அவளை வில்லியாக வைத்திருக்க மனம் வராமல் கதையையே மாற்றினார்கள். சிறந்த பாடலுக்கும் சிறந்த அனிமேஷன் படத்துக்கும் 2014இல் ஆஸ்கர் கிடைத்தது.

எனக்கு அதைவிடப் பெரிய பாட்டு, பனிமனிதன் செய்யலாமா என்று அன்னா எல்சாவின் அறைக் கதவைத் தட்டும் பாட்டு. சுமார் மூன்றரை நிமிடம்தான். அதற்குள் குழந்தை குமரியாகிறாள், அம்மா அப்பா கப்பலோடு கடலில் போய்விடுகிறார்கள், கதவு மட்டும் திறக்கவே இல்லை. கடைசியில் வெளியே அன்னா கதவில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள், உள்ளே எல்சாவும் அதே கதவில் சாய்ந்திருக்கிறாள்.

2022 தொடக்கத்தில் என் மூத்த மகளுக்குக் கொவிட் வந்தது. எங்களுடையது சிங்கப்பூரில் நான்கறை வீவக வீடு, அதாவது அரசு கட்டிய அடுக்குமாடி வீடு. அவளை ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்தினோம். சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே வைப்பேன். சின்னவளுக்கு அப்போது ஐந்து வயது. தட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து இந்தப் பாட்டைத்தான் பாடினாள். பனியை ஐஸ் கச்சாங் என்னும் துருவிய பனிக்கட்டி இனிப்பில் மட்டுமே பார்த்த பிள்ளை! உள்ளேயிருந்து அக்கா இருமிக்கொண்டே அடுத்த வரியைப் பாடுவாள். அடுக்களையில் நின்ற எனக்கு அழுகை வந்துவிட்டது. இதைக் குறையுள்ள படம் என்று யார் சொன்னாலும் என்னால் ஏற்க முடியாது.

சரி, ஹான்ஸுக்கு வருவோம். அண்ணன்மார் பன்னிரண்டு பேர் என்று சந்தித்த அன்றே சொல்லிவிடுகிறான். சொந்த நாட்டில் அரியணை கிடைக்காதவன் என்பதற்கு அந்தக் குறிப்பு போதும். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். முதல் சந்திப்பில் அன்னா போன பிறகு, தண்ணீரில் விழுந்து கிடந்தவன் தனக்குத்தானே கனிவாகச் சிரிக்கிறான். பார்க்க யாருமே இல்லாதபோது யாருக்காக அந்த நடிப்பு? அது நம்மை ஏமாற்ற வைத்த காட்சி. குறைதான்.

அப்புறம், அன்னா சாகக் கிடக்கும் நேரத்தில் பூதங்கள் கூடி அவளுக்கும் அவளுக்குத் துணையாக வந்த கிறிஸ்டாஃபுக்கும் கல்யாணப் பாட்டுப் பாடுவது எனக்கும் உறுத்துகிறது. அதற்குப் பிறகு கதையில் யாருமே பாடுவதில்லை, உண்மை. ஆனால் அந்த உச்சக்கட்டத்தை நினைத்துப் பாருங்கள். புயல் நின்று பனித்துகள் அந்தரத்தில் தொங்குகிறது. அக்காவை வெட்ட ஹான்ஸ் ஓங்கிய வாளுக்கு முன்னால் பாய்ந்த அன்னா பனிச்சிலையாகிறாள். எல்சா அவளைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். அங்கே ஒரு பாட்டு வைத்திருந்தால் அந்த அழுகை நமக்குக் கேட்டிருக்காது.

கடைசியில் கோட்டைக் கதவு திறந்திருப்பது பிடித்திருக்கிறது என்கிறாள் தங்கை. இனி மூடவே போவதில்லை என்கிறாள் அக்கா. எங்கள் வீட்டில் அந்த அறைக் கதவு இன்றைக்கும் இரவில் ஒரு கை அகலம் திறந்தேதான் இருக்கிறது. சின்னவள் சாத்த விடுவதில்லை.

நடுவர் அவர்களே, நன்றி. வணக்கம்.