மூச்சை உள்ளே இழுத்து

நேயர்களுக்கு வணக்கம்.

மவுத் ஆர்கனை 'ஊதுவது' என்றுதான் நாம் சொல்கிறோம். எனக்கும் மாமா ஒருவர் பத்துத் துளை மவுத் ஆர்கன் ஒன்று வாங்கித் தந்தார். பள்ளி ஆண்டு விழாவில் ஒரு சினிமாப் பாட்டு ஊதினேன், கைதட்டல் கிடைத்தது. அந்த வாத்தியத்துக்கு அதற்கு மேல் போக்கிடம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு கல்லூரி விடுதியில் பக்கத்து அறைக்காரன் ஒரு கேசட்டைப் போட்டான். சாக்ஸபோன் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். "டேய், இது மவுத் ஆர்கன்டா" என்றான். நான் நம்பவில்லை. கேசட் அட்டையைக் காட்டின பிறகும் அரை மனதோடுதான் நம்பினேன்.

வாசித்தவர் லிட்டில் வால்டர். மெட்டின் பெயர் 'ஜூக்'. 1952 மே 12 அன்று சிகாகோவில் பதிவானது. பாட்டு வரி ஒன்றுகூடக் கிடையாது, வெறும் வாத்திய இசை. அது அமெரிக்காவின் ரிதம் அண்ட் புளூஸ் இசைத்தட்டுகளின் தரவரிசைப் பட்டியலில் எட்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. மவுத் ஆர்கன் தனித்து முன்னே நின்ற வேறு எந்த வாத்திய இசைத்தட்டுக்கும் அந்தப் பட்டியலில் முதலிடம் கிடைத்ததில்லை.

வால்டரின் முழுப்பெயர் மேரியன் வால்டர் ஜேக்கப்ஸ். லூசியானா மாநிலத்தில் மார்க்ஸ்வில் என்ற ஊர். பிறந்தது 1930 என்று வழக்கமாகச் சொல்வார்கள். பதின்வயது முடிவதற்குள் சிகாகோ வந்துவிட்டார். தெற்கிலிருந்து லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வேலை தேடி வடக்கு நகரங்களுக்கு ரயிலேறிக்கொண்டிருந்த காலம் அது. சிகாகோவில் மேக்ஸ்வெல் தெரு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. பழைய துணியிலிருந்து சைக்கிள் டயர் வரை எல்லாம் விற்கும். ஓரத்து வீடுகளிலிருந்து மின்சார வயரை இழுத்துக்கொண்டு பாட்டுக்காரர்கள் நடைபாதையில் நின்று வாசிப்பார்கள். வால்டரும் அங்கே நின்றவர்தான்.

சரி, அந்தச் சின்ன வாத்தியத்துக்குள் என்னதான் இருக்கிறது? பித்தளைத் தகடுகளில் இருபது ரீட்கள், அதாவது காற்றில் அதிரும் மெல்லிய உலோக நாக்குகள். துளைக்கு இரண்டு: ஊதினால் ஒன்று அதிரும், மூச்சை உள்ளே இழுத்தால் இன்னொன்று. ஜெர்மனிக்காரர்கள் இதைத் தங்கள் நாட்டுப்பாடல்களுக்காகச் செய்தார்கள். ஊதினால் ஆதார சுரக்கூட்டம் தானாக வந்துவிடும். குழந்தைகூட வாசிக்கலாம்.

அமெரிக்காவின் தெற்கில் இருந்த கறுப்பினக் கலைஞர்கள் இதைத் திருப்பிப் போட்டார்கள். ஊதும் சுரங்களை விட்டுவிட்டு, இழுக்கும் சுரங்களை ஆதாரமாக வைத்துக்கொண்டார்கள். நம் பாஷையில் சொன்னால் இது கிரக பேதம். சங்கராபரணத்தின் பஞ்சமத்தை ஷட்ஜமாக எடுத்துக்கொண்டால் ஹரிகாம்போதி வருகிறதல்லவா, கிட்டத்தட்ட அதேதான். ஈ சுருதியில் பாட்டு என்றால் ஏ சுருதி மவுத் ஆர்கனைக் கையில் எடுப்பார்கள். இதற்குக் கிராஸ் ஹார்ப் என்று பெயர்.

ஏன் இந்தச் சுற்றுவழி? இழுக்கும் சுரத்தை வளைக்க முடியும் என்பதற்காகத்தான். நாக்கையும் தொண்டையையும் கொஞ்சம் மாற்றி வைத்து இழுத்தால், சுரம் மெல்லக் கீழே சரியும். அதே துளையில் சும்மா இருக்கும் ஊது ரீடும் சேர்ந்து அதிர ஆரம்பிக்கும். மூன்றாவது துளையில் இந்த வசதி அதிகம், மூன்று அரைச்சுரம் வரை இறக்கலாம். கிராஸ் ஹார்ப்பில் அந்தத் துளை எது தெரியுமா? காந்தாரம். அந்தர காந்தாரத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் நடுவில் எங்கேயோ ஒரு இடம் இருக்கிறது. புளூஸ் என்ற கறுப்பின மக்களின் ஏக்கப் பாட்டைப் பாடுகிறவன் தொண்டை தழுதழுக்க நிற்கும் இடம் அதுதான். மவுத் ஆர்கன்காரன் அங்கே மூச்சாலேயே போய் நிற்கிறான்.

வானொலியில் பேசும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. ஹார்மோனியமும் ரீட் வாத்தியம்தான். அதில் கமகம் வராது என்று சொல்லி 1940 முதல் பல ஆண்டுகள் அகில இந்திய வானொலி அதை உள்ளேயே விடவில்லை. அதன் ரீட் துருத்திக் காற்றுக்கு அடங்கினது, வாய்க்குள் இருக்கும் இடத்துக்கு அடங்கினதல்ல. அந்த வித்தியாசம்தான் எல்லாம்.

எனக்கு அந்த மூன்றாவது துளையை வளைக்க இரண்டு வருஷம் ஆயிற்று. முதல் ஆறு மாதம் வெறும் காற்றுச் சத்தம்தான். பலமாக இழுத்து இழுத்து ரீடையே தளரவிட்டுவிட்டேன். பலத்தில் ஒன்றும் இல்லை என்று அப்புறம்தான் புரிந்தது.

வால்டரின் தலைமுறைக்கு முன்னோடி ஜான் லீ வில்லியம்சன் என்ற சன்னி பாய். 1948-இல் சிகாகோவில் கொலையுண்டவர். வால்டரின் ஆரம்பத் தட்டுகளில் சன்னி பாயின் சாயல் பளிச்சென்று தெரியும். ஆனால் வால்டர் காதைத் தீட்டிக்கொண்டது சாக்ஸபோனில், அதிலும் லூயி ஜோர்டனின் தட்டுகளில். மவுத் ஆர்கன்காரர்கள் மூச்சு போகிற போக்கில் வாக்கியத்தை முடித்துவிடுவார்கள். வால்டர் சாக்ஸபோன்காரரைப் போல நீளமாகப் பேசுகிறார், தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் சாய்ந்துகொண்டு.

அப்புறம் மைக். சிகாகோ மதுக்கூடங்களில் கிடார்கள் மின்சாரத்துக்கு மாறிவிட்டன. கூட்டத்தின் இரைச்சல் வேறு. மேடைப் பேச்சுக்கு வைத்திருக்கும் மலிவான மைக்கை வால்டர் வாத்தியத்தோடு சேர்த்து இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டார். இப்படி மைக் பிடித்த முதல் ஆள் அவர் என்று சொல்ல மாட்டேன். ஸ்னூக்கி பிரையர் போன்றவர்களும் செய்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது சத்தம் கூட்டுகிற சாதனம். வால்டருக்கு அது வாத்தியத்தின் இன்னொரு பாதி. காற்று வெளியே போக இடமில்லாமல் கைக்குள் அடைபடும்போது கீச்சென்ற மேல் ஒலி மங்கி, அடிக்குரல் தடிக்கிறது. வால்வு ஆம்ப்ளிஃபயரைத் தாங்கும் எல்லைக்குக் கொண்டுபோனால் ஒலி லேசாகக் கரகரக்கும். கையைச் சற்றே விரித்தால் வெளிச்சம், மூடினால் இருட்டு. நான் முதலில் சாக்ஸபோன் என்று ஏமாந்தது இதனால்தான்.

மைக் இல்லாமலும் அவரைக் கேட்க வேண்டும். 1948 வாக்கில் சிகாகோவின் புளூஸ் பாடகர், கிடார்காரர் மட்டி வாட்டர்ஸின் குழுவில் சேர்ந்தார். 1951-இல் மட்டி பதிவு செய்த 'லாங் டிஸ்டன்ஸ் கால்' என்ற பாட்டைத் தேடிக் கேளுங்கள். ஒரு கிடார், ஒரு பெரிய பேஸ், ஒரு மவுத் ஆர்கன், அவ்வளவுதான். மட்டி ஒரு வரி பாடி நிறுத்தியதும் வால்டர் உள்ளே வருகிறார். நல்ல கச்சேரியில் பாடகர் விட்ட இடத்திலிருந்து வயலின்காரர் எடுப்பதுபோல. ஆனால் பாடினதை அப்படியே திருப்பி வாசிப்பதில்லை. அந்தப் பாட்டுக்காரன் சொல்ல வெட்கப்பட்டதைச் சொல்வதுபோல் இருக்கும். வால்டருக்கு அப்போது வயது இருபது, இருபத்தொன்று.

'ஜூக்' பதிவானதும் மட்டியின் பதிவு நாள் ஒன்றில்தான். தட்டு ஓடியதும் வால்டர் குழுவை விட்டுப் போய்விட்டார். ஏசஸ் என்ற இளைஞர் குழுவைத் தனதாக்கிக்கொண்டார். அதில் வாசித்துக்கொண்டிருந்த ஜூனியர் வெல்ஸ் மட்டியிடம் வந்தார். கிட்டத்தட்ட பண்டமாற்று! ஆனால் செஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் ஸ்டுடியோவில் மட்டிக்கு வாசிப்பதை வால்டர் விடவில்லை. ஏசஸில் மையர்ஸ் சகோதரர்கள் கிடாரில், டிரம்ஸில் ஃபிரெட் பிலோ. பிலோவின் கையில் ஜாஸ் இருந்தது. 'ஆஃப் தி வால்' கேட்டால் தெரியும், தாளம் தரையைத் தொடாமல் ஓடும்.

பாடகராக வால்டர் சுமார்தான். 1955-இல் முதலிடம் பிடித்த 'மை பேப்' எல்லோருக்கும் பிடித்த பாட்டு. வில்லி டிக்சன் ஒரு தேவாலயப் பாட்டின் மெட்டை எடுத்துக் காதல் பாட்டாக்கியது. நான் அதை நடுவில் வரும் மவுத் ஆர்கனுக்காக மட்டும் கேட்பேன். மாறாக 'புளூ அண்ட் லோன்சம்' என்ற பாட்டில் அந்தச் சுமாரான குரலே பொருத்தமாகிவிடுகிறது. ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ஆங்கிலேய ராக் குழுவினர் 2016-இல் ஒரு ஆல்பத்துக்கே அந்தப் பெயரை வைத்தார்கள்.

குடி, கோபம், கைகலப்பு என்று பின்னாளில் உடம்பு தேய்ந்தது. 1968 பிப்ரவரியில், தெருச்சண்டை ஒன்றுக்குப் பிறகு, தூக்கத்தில் இறந்துபோனார். வயது முப்பத்தேழு. கல்லறையில் பெயர்க்கல் வைக்க 1991 ஆயிற்று.

நேரமாகிவிட்டது, 'ஜூக்' ஒலிக்கட்டும். மூன்று நிமிடம்கூட இல்லை. தொடக்கத்தில் ஒரு சின்னச் சொற்றொடர் மறுபடி மறுபடி ஏறும்: ச க ப த ச, ரிஷபம் இல்லாத மோகனம் மாதிரி. கடைசி இரண்டு சுரம்தான் ஊதுவது. முதல் மூன்றுக்கும் அவர் மூச்சு உள்ளே போய்க்கொண்டிருக்கும்.