பதினைந்தாவது ஆள்

நேயர்களுக்கு வணக்கம். யாழ்ப்பாணத்துக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். சம்பளப் பட்டியல்களில் ஓர் எண் என்னை விடாமல் துரத்துகிறது: பதினான்கு. ஆடியிலும் பதினான்கு பேர், தீபாவளிக்கும் பதினான்கு பேர்.

ஒரு புடைவைக்கடை முதலாளி, பேர் வேண்டாம். தீபாவளி நெருக்கம். விரித்துக் காட்டிய சீலையை மடிக்க ஆளில்லை. "இன்னும் ரெண்டு பிள்ளையளை எடுங்கோவன் அண்ணை" என்றேன். "பதினைஞ்சு எண்டால் பிறகு கரைச்சல் தம்பி" என்றார். அடுத்த வருஷம் பக்கத்துக் கட்டடத்தில் மச்சானின் பெயரில் புதுக்கடை. இடைச்சுவரில் ஒரு கதவு! சீலையை இங்கே பார்ப்பீர்கள், பில் அங்கே போடுவார்கள். இரண்டு பதிவு, இரண்டு கணக்குப் புத்தகம். எனக்கு இரட்டை வருமானம், அதைச் சொல்லத்தானே வேண்டும். ஆனால் சனம் தேடிவரும் அந்தக் கடை வளரவில்லை, பிளந்தது.

ஏன் பதினைந்து? வேலையாட்களை நிறுத்துவது பற்றிய 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். பதினைந்து பேரும் அதற்கு மேலும் உள்ள இடத்தில், வியாபாரம் படுத்துவிட்டது என்று ஒருவரை நிறுத்துவதானால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளரின் முன்அனுமதி வேண்டும். 1983இல் வந்த பணிக்கொடைச் சட்டத்துக்கும் அதே பதினைந்துதான். ஐந்து வருஷம் முடித்தவர் வேலையை விட்டுப் போகும்போது, வேலை செய்த வருஷத்துக்கு அரைமாதச் சம்பளம்.

இடையில் ஒன்று: களவெடுத்தவனைக்கூட நிறுத்த ஏலாது என்று முதலாளிமார் சொல்வது சரியில்லை. ஒழுக்கக் குற்றத்துக்கு அனுமதி தேவையில்லை. இரண்டாவது வேலைநாளுக்குள் காரணத்தை எழுதிக் கொடுத்தால் போதும்.

சட்டத்தைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. "நாளைக்கு வராதை" என்ற ஒரு சொல்லோடு வீட்டுக்குப் போனவர்களை நாங்கள் எல்லோரும் அறிவோம். என் வழக்கு அந்தப் பதினைந்தோடுதான். காவல் முழுவதையும் ஒரே எண்ணில் கட்டிவைத்தால், முதலாளி அந்த எண்ணுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுகிறார். அகப்படுவது யார்? கிளிநொச்சியிலிருந்து வந்து, அறை எடுத்துத் தங்கி, ஒன்பது வருஷம் சீலை மடித்த பிள்ளை. ஒரேயொரு ஆள் வேலை செய்தாலும் சேமலாப நிதி, அதாவது ஓய்வுகாலச் சேமிப்பு, கட்டவேண்டும்: அவளுடைய எட்டு வீதம், முதலாளியின் பன்னிரண்டு வீதம். அது ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால் கிடைக்கும். பணிக்கொடையோ, பதினான்கு பேர் கடையில் தானாக வராது. வேலை போய் ஆறு மாதத்துக்குள், தொழிலாளர் வழக்குகளைக் கேட்கும் தொழில் நியாயசபைக்குப் போய்க் கேட்கவேண்டும். எந்தப் பிள்ளை போகும், சொல்லுங்கள்?

மதில்போல் நிற்கும் இந்த எண்ணைச் சரிவாக்கலாம். ஐந்து பேர் கடைக்கும் சிறிய பணிக்கொடை, அதை மாதாமாதம் நிதியில் கட்டும் வழி. ஆட்குறைப்பு அனுமதிக்கு இத்தனை நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும் என்று ஒரு தவணை. இவை வந்தால் பதினைந்தாவது ஆளை எடுக்க ஒருவரும் பயப்படமாட்டார்.

கண்ணாடிக்கு அப்பால் தயாரிப்பாளர் கை காட்டுகிறார். பிரசவ லீவைப் பற்றிப் பேசத்தான் முக்கியமாக வந்தேன்! சுருக்கமாக: 84 நாள் லீவு. அந்தச் சம்பளத்தை முதலாளியே கொடுக்கவேண்டும். அதனால்தான் நேர்முகத்தில் "கலியாணம் பேசியிருக்கோ பிள்ளை?" என்று கேட்கிறார்கள். அந்தச் செலவையும் பொது நிதி ஏற்றால் அந்தக் கேள்விக்கு வேலை இராது. மிச்சத்தை இன்னொரு நாளைக்கு வைப்போம். வணக்கம்.