நெஹ்லூதவின் நூறு ரூபிள்

[காட்சி: காரைக்குடி. பழைய செட்டிநாட்டு வீட்டின் வளவு (உள்முற்றம்). தூண் ஓரமாக அடுக்கிய கணக்குப் பேரேடுகள்.]

வணக்கம். இனியாவது நல்ல மனிதனாக இருக்க வேண்டும் என்று முடிவெடுத்த ஒருவனை விடாமல் பின்தொடர்கிறது ஒரு நாவல். 1899-ல் வெளிவந்த, ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாயின் 'புத்துயிர்ப்பு'. தமிழில் ரா. கிருஷ்ணையாவின் மொழிபெயர்ப்பு இருக்கிறது.

நெஹ்லூதவ் ஒரு பிரபு. இளம் வயதில், அத்தைகளின் பண்ணை வீட்டில் வளர்ந்த கத்யூஷாவைக் கெடுத்துவிடுகிறான். ஊரைவிட்டுக் கிளம்பும்போது நூறு ரூபிளை ஓர் உறையில் போட்டு அவளிடம் திணித்துவிட்டுப் போகிறான்.

[காட்சி: பேரேட்டின் ஒரு பக்கம், அருகில்.]

நம் செட்டிநாட்டு வீடுகளில், பர்மா, மலேயாவில் தொழில் செய்த காலத்துப் பேரேடுகளைப் பார்த்திருப்பீர்கள். தலைப்பில் சிவமயம், கீழே வரவும் பற்றும். நெஹ்லூதவும் மனசுக்குள் அப்படி ஒரு பற்று எழுதிக் கணக்கை முடித்துவிடுகிறான்.

கத்யூஷாவுக்குக் கணக்கு முடியவில்லை. கர்ப்பமாக இருக்கிறாள். அவன் போகும் ரயில் பக்கத்து ஸ்டேஷன் வழியாக வருகிறது என்று தெரிந்து, இரவில் மழையில் ஓடுகிறாள். முதல் வகுப்புப் பெட்டியில் விளக்கு வெளிச்சம், வெல்வெட் இருக்கை, சீட்டாட்டம், உள்ளே அவன். ஜன்னலைத் தட்டுகிறாள். வண்டி நகர்கிறது. கூடவே ஓடுகிறாள். தலைத்துணி காற்றில் பறந்துவிடுகிறது. அடுத்த வண்டியில் விழுந்துவிடலாம் என்று நினைக்கும்போது வயிற்றுக்குள் பிள்ளை அசைகிறது. எத்தனை முறை படித்தாலும் இந்தப் பக்கங்களைச் சட்டென்று கடக்க முடிவதில்லை.

ஆண்டுகள் கழித்து நெஹ்லூதவ் கோர்ட்டில் ஜூரியாக, அதாவது குற்றவாளியா இல்லையா என்று முடிவுசொல்லும் பொதுமக்களில் ஒருவனாக, உட்கார்ந்திருக்கிறான். ஒரு வியாபாரிக்கு விஷம் வைத்ததாகக் கூண்டில் நிற்பவள் கத்யூஷா. அவளுக்குக் கொல்லும் எண்ணம் இல்லை என்று எழுத ஜூரிகள் மறந்துவிட, நான்கு வருஷம் சைபீரியாவில் கடின உழைப்புத் தண்டனை.

இவளையே கல்யாணம் செய்துகொள்வேன் என்று முடிவெடுக்கிறான். அன்று இரவு அழுகிறான். அந்தக் கண்ணீரில் பாதி நல்லது, பாதி தன் நல்ல குணத்தைத் தானே மெச்சிக்கொண்டதால் வந்தது என்கிறார் டால்ஸ்டாய். என்னைப் பொறுத்தவரை நாவலின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

சிறையில் கத்யூஷா அதை உடனே கண்டுபிடித்துவிடுகிறாள். இந்த உலகத்தில் என்னை வைத்துச் சுகம் கண்டாய், மறு உலகத்திலும் என்னை வைத்தே கரையேறப் பார்க்கிறாய் என்று கத்துகிறாள். தன் விலை பத்து ரூபிள்தான், போய்விடு என்கிறாள்.

அப்புறம்தான் அவன் மெதுவாக மாறுகிறான். மனு எழுதுகிறான், அதிகாரிகள் வாசலில் காத்திருக்கிறான், முன்பின் தெரியாத கைதிகளின் வழக்குகளையும் எடுத்துக்கொண்டு அலைகிறான். பண்ணை நிலத்தைக் குடியானவர்களிடம் விடுகிறான். அவர்கள் முதலில் நம்பவே மாட்டார்கள்! பிறகு கைதிகள் போகும் வழியிலேயே சைபீரியாவுக்குப் போகிறான்.

இந்த நாவலின் பணத்தில் டால்ஸ்டாய் செய்ததையும் சொல்ல வேண்டும். பிற்கால எழுத்துகளுக்குப் பணம் வேண்டாம் என்றிருந்தவர், இதற்கு மட்டும் வாங்கினார். ஆயுதம் தொட மறுத்ததால் ரஷ்யாவில் துன்புறுத்தப்பட்ட துகபோர்கள் என்ற சமயப் பிரிவினர் கனடாவுக்குக் குடிபெயர அந்தப் பணம் போனது.

[காட்சி: வளவின் வழியாக விழும் வெயில்.]

சரி, முடிவு? தண்டனை குறைக்கப்பட்ட செய்தியை நெஹ்லூதவே கொண்டுவருகிறான். கத்யூஷா அவனை ஏற்கவில்லை, சீமன்சன் என்ற அரசியல் கைதியோடு போகிறாள். அவள் உள்ளூர இவனை நேசிக்கிறாள், இவன் வாழ்க்கையைக் கட்டிப்போட விரும்பவில்லை என்று அவனுக்குப் புரிகிறது. கடைசி அத்தியாயத்தில் பைபிளில் பதில் தேடுகிறான். கதையை வேதவசனத்தால் முடித்தது இன்னொரு ரஷ்ய எழுத்தாளரான செகாவுக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் அந்த விடைபெறலோடு முடிந்திருக்கலாம் என்றுதான் படுகிறது.

பெரிய நாவல், மூன்று பாகம். முழுசாகப் படிக்க நேரமில்லை என்றால் முதல் பாகத்தில் அந்த ரயில் இரவையும் சிறைச் சந்திப்புகளையும் மட்டுமாவது படியுங்கள்.